ஒரு சிடி4093, ஒரு ரேடியோ: ஹாம்களுக்கு லாஜிக் பழக ஒரு வழி

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களில் பலருக்கு ரெசிஸ்டர், காயில், ஆன்டெனா வரைக்கும் பயம் இருக்காது. லாஜிக் கேட் என்று வந்ததும் முகம் மாறிவிடும். அட்டவணையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். பிறகு ஏதாவது கட்டுவதென்றால் நேராக ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ரேடியோ தெரிந்தவருக்கு டிஜிட்டல் ஐசி ரொம்பச் சுலபம். உள்ளே இருப்பது வோல்டேஜ்தான், அதுவும் வேகமாக ஏறி இறங்கும் வோல்டேஜ். அந்த ஏற்ற இறக்கத்தைக் காதால் கேட்கும் கருவி உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சிடி4093 என்ற ஒரே ஐசியை வைத்துத்தான். 14 கால், உள்ளே நான்கு நாண்டு கேட். சென்னை ரிச்சி தெருவில் சிடி4093 என்று கேட்டால் ஹெச்இஎஃப்4093, ஹெச்சிஎஃப்4093, எம்சி14093 என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிதான் வேறு, வேலை ஒன்று. இரண்டு மூன்றாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இதுவே என்றால், முதல் காரணம் மின்சாரம். ஹாம் மேசையில் எப்போதும் இருப்பது 13.8 வோல்ட் சப்ளை. 1968இல் ஆர்சிஏ கொண்டுவந்த 4000 வரிசையில் இன்று கிடைக்கும் 'பி' ரகங்கள் 3 முதல் 18 வோல்ட் வரை ஓடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 7400 வரிசைக்கு 5 வோல்ட்தான், 0.25 வோல்ட் முன்பின் போகலாம், அவ்வளவே. அதன் சீமாஸ் வாரிசான 74ஹெச்சிக்கு 2 முதல் 6 வோல்ட். 13.8ஐக் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். இரண்டாவது காரணம், 4093இன் ஒவ்வொரு கேட்டும் ஷ்மிட் ட்ரிகர் ரகம். இதன் அருமை ஆஸிலேட்டர் கட்டும்போது தெரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 4093, 4011 இரண்டுக்கும் கால் அமைப்பு ஒன்று. 7400 வேறு மாதிரி. 4093இல் 1, 2 உள்ளே போனால் 3 வெளியே. 5, 6 போனால் 4. 8, 9 போனால் 10. 12, 13 போனால் 11. 7400இல் 4, 5 உள்ளே போனால் 6 வெளியே. 9, 10 போனால் 8. நெட்டில் பார்த்த 7400 படத்தை வைத்து 4093க்கு வயர் போட்டால் வெளியீடும் வெளியீடும் முட்டிக்கொள்ளும். இரண்டிலும் 14 பிளஸ், 7 கிரவுண்ட் என்பதால் தவறு சட்டென்று கண்ணில் படாது.

சப்ளையை நேராகச் சொருகாதீர்கள். 13.8 வோல்ட்டிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக 14ஆம் காலுக்கு வாருங்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 15 வோல்ட் ஜீனர் டையோடு, ஒரு 10 மைக்ரோஃபாரட், ஐசியின் காலை ஒட்டியே ஒரு 100 நானோஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர். அதே சப்ளையில் ரிலேக்கள் திறந்து மூடும்போது வரும் குத்தல்களை ஜீனர் வாங்கிக்கொள்ளும். டிஸ்க் கெப்பாசிட்டரின் வேலை வேறு. கேட் நிலை மாறும் அந்தக் கணத்தில் ஐசி கொஞ்சம் கரண்டை வெடுக்கென்று இழுக்கும், அதைப் பக்கத்திலேயே இருந்து கொடுப்பது இதுதான். வயர் நீளமாக இருந்தால் அந்த நீளமே இண்டக்டன்ஸ் ஆகிவிடும் என்று ஆர்எஃப் (ரேடியோ அலை) தெரிந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

முதல் வேலை: விரலால் அட்டவணை

பிரெட்போர்டில் ஐசியைக் குத்தி, 3ஆம் காலிலிருந்து 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., கிரவுண்ட். 4000 வரிசையின் வெளியீடு வலுவில்லாதது. சில மில்லியாம்பியர்தான் தாங்கும். அதனால் 470 ஓம் போட்டுப் பளிச்சென்று எரிய வைக்க ஆசைப்படாதீர்கள். பயன்படாத உள்ளீடுகள் 5, 6, 8, 9, 12, 13 எல்லாவற்றையும் கிரவுண்டுக்குக் கட்டிவிடுங்கள். வெளியீடுகள் 4, 10, 11 சும்மா இருக்கட்டும்.

இப்போது 1, 2 இரண்டிலும் ஒரு வயர். இரண்டையும் கிரவுண்டில் வையுங்கள், எல்.இ.டி. எரியும். ஒன்றை மட்டும் பிளஸுக்கு மாற்றுங்கள், எரியும். மற்றதை மட்டும் மாற்றினாலும் எரியும். இரண்டையும் பிளஸில் வைத்தால் மட்டும் அணையும். நாண்டு கேட்டின் முழு அட்டவணையும் இந்த நான்கு நிலைகளில் முடிந்தது. கிரவுண்ட் அளவை லோ என்றும் பிளஸ் அளவை ஹை என்றும் சொல்வோம். அட்டவணையை மனதில் வைக்க எளிய வழி: "ஒரு உள்ளீடு லோவாக இருந்தால் போதும், வெளியீடு ஹை." மற்றதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வந்துவிடும்.

அடுத்து 2ஆம் காலைப் பிளஸில் வைத்துவிட்டு, 1ஆம் காலின் வயரை எதிலும் சேர்க்காமல் காற்றில் விடுங்கள். கையை அருகே கொண்டுபோங்கள். எல்.இ.டி. எரியும், அணையும், சில சமயம் அரைகுறை வெளிச்சமாக நிற்கும். அந்த அரைகுறை வெளிச்சம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். உங்கள் உடம்பு ஆன்டெனாவாகி அதை 1ஆம் காலுக்குக் கொடுக்கிறது, கேட் அதற்கேற்ப ஆடுகிறது. 4093 போன்ற சீமாஸ் ஐசியின் உள்ளீட்டுக்குள் கரண்ட் போவதே இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு உயர்ந்த இம்பிடன்ஸ். வயரைத் தொங்கவிட்டால் ஷேக்கில் (ஹாம் அறையில்) இருக்கும் எல்லா ஆர்எஃபும் அதில் வந்து உட்காரும். பயன்படாத உள்ளீட்டைக் கட்டிப்போடச் சொன்னதன் காரணம் இப்போது கண்முன்னே தெரிந்திருக்கும்.

இரண்டு உள்ளீட்டையும் சேர்த்துக் கட்டினால் நாண்டு கேட் இன்வர்ட்டர் ஆகிவிடும். நாண்டுக்குப் பின்னால் ஒரு இன்வர்ட்டர் (உள்ளீட்டைத் தலைகீழாக்கும் கேட்) போட்டால் ஆண்டு (AND) கேட். முன்னால் இரண்டு உள்ளீட்டுக்கும் தனித்தனி இன்வர்ட்டர் போட்டால் ஆர் (OR) கேட். டி மார்கன் விதி என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். வயரை மாற்றி மாற்றி எல்.இ.டி.யைப் பார்த்தால் ஒரு மாலையில் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது வேலை: மோர்ஸ் ஆஸிலேட்டர்

சாதாரணக் கேட்டுக்கு ஹை என்றும் லோ என்றும் பிரிக்கும் இடம் ஒன்றுதான், அதுவும் சப்ளையின் பாதிக்கு அருகே மங்கலாக இருக்கும். ஷ்மிட் ட்ரிகருக்கு இரண்டு இடம். 10 வோல்ட் சப்ளையில் 4093இன் உள்ளீடு ஏறும்போது சுமார் 5.9 வோல்ட்டில் ஹை என்று ஏற்கும், இறங்கும்போது சுமார் 3.9 வோல்ட் வந்தால்தான் லோ என்று ஒப்புக்கொள்ளும். நடுவே இருக்கும் 2 வோல்ட் இடைவெளிதான் ஆஸிலேட்டருக்கு உயிர்.

1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். 3ஆம் காலிலிருந்து 1ஆம் காலுக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டரும் 220 கிலோஓம் ப்ரிசெட்டும் (திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக. 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோஓம், அதோடு இணையாக 10 நானோஃபாரட். மோர்ஸ் கீயின் ஒரு முனை 2ஆம் காலில், மறுமுனை பிளஸில்.

கீ அழுத்தாதபோது 2ஆம் கால் லோ. ஒரு உள்ளீடு லோவாக இருந்தால் வெளியீடு ஹை, ஆகவே 3ஆம் கால் ஹையில் அசையாமல் நிற்கும். கீயை அழுத்தினதும் 2ஆம் கால் ஹை ஆகிறது, இனி முடிவு 1ஆம் காலின் கையில். வெளியீடு லோ ஆகிறது, கெப்பாசிட்டர் ரெசிஸ்டர் வழியாக இறங்குகிறது, 3.9ஐத் தொட்டதும் வெளியீடு ஹை, கெப்பாசிட்டர் ஏறுகிறது, 5.9இல் மறுபடி லோ. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் 0.8 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர். 10 நானோஃபாரட்டுக்கு 176 கிலோஓம் வந்தால் 700 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு வோல்டேஜும் ஐசிக்கு ஐசி மாறும், சப்ளைக்கும் மாறும். அதற்குத்தான் ப்ரிசெட். காதுக்கு இதமான இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு ஸ்பீக்கரும் டிரான்சிஸ்டரும் வேண்டாம். இரண்டாவது கேட்டின் 5, 6 இரண்டையும் கிரவுண்டிலிருந்து கழற்றி 3ஆம் காலில் சேருங்கள். இப்போது 4ஆம் கால் எப்போதும் 3க்கு எதிர். 3க்கும் 4க்கும் நடுவே 1 கிலோஓமைத் தொடராகப் போட்டு ஒரு பீசோ டிஸ்க்கை இணையுங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் டிஸ்க்குக்குச் சப்ளையைப் போல இரண்டு மடங்கு ஆட்டம் கிடைக்கும். அறை முழுக்கக் கேட்கும்.

ஜெனரல் கிரேடு தேர்வுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம். அந்த வேகத்தில் ஒரு டிட் (மோர்ஸ் புள்ளி) 150 மில்லிசெகண்ட். கீயின் உலோகம் தொடும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும். 2ஆம் காலில் போட்ட 47 கிலோஓமும் 10 நானோஃபாரட்டும் சின்னத் துள்ளலை ஓரளவு மழுக்கும், மழுங்கி மெதுவாக இறங்கும் முனையை ஷ்மிட் உள்ளீடு சுத்தமாக வெட்டிக்கொடுக்கும். அதே கெப்பாசிட்டர் கீ வயரில் ஏறும் ஆர்எஃபையும் கிரவுண்டுக்கு அனுப்பிவிடும். 4011ஐ வைத்தும் ஆஸிலேட்டர் கட்டலாம், ஆனால் இரண்டு கேட் செலவாகும், மெதுவான முனைகளில் தடுமாறும்.

மூன்றாவது வேலை: நினைவு வைக்கும் கேட்

மீதி இரண்டு கேட்டில்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி இருக்கிறது. 8, 9, 12, 13ஐக் கிரவுண்டிலிருந்து கழற்றுங்கள். 10ஆம் காலை 13க்கு, 11ஆம் காலை 9க்கு. 8க்கும் 12க்கும் தலா ஒரு 10 கிலோஓம் பிளஸுக்கு. 8ஐ ஒரு கணம் கிரவுண்டில் தொட்டு எடுங்கள். 10ஆம் கால் ஹைக்குப் போய் அங்கேயே நிற்கும். மறுபடி 8ஐ எத்தனை முறை தொட்டாலும் மாறாது. 12ஐத் தொட்டால்தான் இறங்கும். முன்பு சொன்ன ஒரே வரியை வைத்து ஒவ்வொரு காலாகப் பின்தொடர்ந்து பாருங்கள். யாரும் சொல்லித்தராமலே இது ஏன் நிற்கிறது என்று பிடிபடும். கம்ப்யூட்டர் மெமரியின் கரு இதுதான்.

பவர் போடும்போது இந்த லாட்ச் (நிலையைப் பிடித்து வைக்கும் இந்த இரண்டு கேட் ஜோடி) எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. 12ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் போடுங்கள். சப்ளை ஏறியபின்னும் அந்தக் கால் 10 மில்லிசெகண்ட் அளவுக்குப் பின்தங்கும், அதனால் எப்போதும் ரீசெட் நிலையில் தொடங்கும். ரீசெட் பட்டனையும் அந்தக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே வைத்துவிடலாம்.

இதை ஹாமுக்கு உதவும் பொருளாக மாற்றுவோம். ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் போட்டு லீனியர் (பவர் ஆம்ப்ளிஃபயர்) கட்டியவர்களுக்குத் தெரியும், ஆன்டெனா கழன்றபடி பி.டி.டி.யை (பேச அழுத்தும் ஸ்விட்ச்) அழுத்தினால் என்ன ஆகும் என்று. எஸ்.டபிள்யூ.ஆர். பிரிட்ஜின் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரை அளக்கும் சுற்று) திரும்பும் பக்க டையோடிலிருந்து வரும் பாசிட்டிவ் வோல்டேஜை ஒரு 10 கிலோஓம் ப்ரிசெட்டுக்குக் கொடுங்கள். நடுமுனையிலிருந்து 1 கிலோஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் 8ஆம் காலில். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட் அவசியம், இல்லாவிட்டால் உங்கள் சொந்த சிக்னலே அந்த டிரான்சிஸ்டரைத் திறந்துவிடும். பேஸ் 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் கலெக்டர் 8ஐக் கீழே இழுக்கும், 10ஆம் கால் ஹை ஆகி நிற்கும்.

10ஆம் காலிலிருந்து 10 கிலோஓம் வழியாக இன்னொரு பிசி547, அதன் கலெக்டரில் ஒரு 12 வோல்ட் சின்ன ரிலே, ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டையோடு. ரிலேயின் மூடியே இருக்கும் காண்டாக்ட் வழியாகத்தான் பி.டி.டி. வயர் போக வேண்டும். ரிலே திறக்கச் சில மில்லிசெகண்ட் ஆகும். மாஸ்ஃபெட்டுக்கு அதுவே அதிகம். அதனால் 10ஆம் காலிலிருந்தே மூன்றாவதாக ஒரு பிசி547ஐ, இதையும் பேஸில் 10 கிலோஓம் வைத்து, எடுத்து மாஸ்ஃபெட்டின் கேட் பயாஸைக் கிரவுண்டுக்கு இழுக்க வையுங்கள். பயாஸ் வழியில் குறைந்தது 1 கிலோஓம் தொடராக இருக்கட்டும். பயாஸ் மட்டும் போனால் டிரைவ் வந்துகொண்டிருக்கும்வரை மாஸ்ஃபெட் கிளாஸ் சியில் கொஞ்சம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ரிலேயும் பயாஸ் வெட்டும் இரண்டும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக 10ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை 2இன் பக்கம். லாட்ச் விழுந்தால் மோர்ஸ் ஆஸிலேட்டரே அலாரம் அடிக்கும். வயரால் நேராக இணைத்தால் கீயை அழுத்தும்போது பிளஸ் போய் லோவாக இருக்கும் 10ஆம் காலில் மோதும். டையோடு அதைத் தடுக்கிறது. கீ அல்லது லாட்ச், இரண்டில் எது வந்தாலும் சத்தம், அதாவது ஒரு டையோடிலும் ஒரு ரெசிஸ்டரிலும் ஆர் கேட் கிடைத்துவிட்டது. சோதிக்க 10 கிலோஓம் ப்ரிசெட்டை அதிக வோல்டேஜ் வரும் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, மிகக் குறைந்த பவரில் டம்மி லோடைக் கழற்றிப் பாருங்கள்.

நான்காவது வேலை: ஃபிளிப்ஃபிளாப்பைக் காதால் கேட்பது

இனி 5 வோல்ட்டுக்கு வருகிறோம், 7805 ரெகுலேட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர் போர்டுகளில் 14.318 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய நான்கு கால் உலோக டப்பா ஆஸிலேட்டர் கிடைக்கும். கால் எண் 14 ஐந்து வோல்ட், 7 கிரவுண்ட், 8 வெளியீடு. கூடவே 74ஹெச்சி74, உள்ளே இரண்டு டி ஃபிளிப்ஃபிளாப். க்ளாக் ஏறும் அந்தக் கணத்தில் டி உள்ளீட்டில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து க்யூ வெளியீட்டில் வைக்கும், அடுத்த க்ளாக் வரை மாற்றாது. க்யூவின் எதிர் வெளியீட்டை டிக்குத் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொரு க்ளாக்குக்கும் புரண்டுகொண்டே இருக்கும், ஃப்ரீக்வென்சி பாதியாகும்.

6ஆம் காலை 2ஆம் காலில் சேருங்கள். ஆஸிலேட்டர் 3ஆம் காலில். 1, 4, 10, 13 ஐந்து வோல்ட்டுக்கு. இவை ரீசெட், செட் கால்கள், விட்டுவிட்டால் ஐசி தன் இஷ்டத்துக்கு நடக்கும். 11, 12 கிரவுண்டில். 14 ஐந்து வோல்ட், 7 கிரவுண்ட், நடுவே 100 நானோஃபாரட். 5ஆம் காலில் மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். 2.5 வோல்ட்டுக்கு அருகே காட்டினால் அது பாதி நேரம் மேலே பாதி நேரம் கீழே இருக்கிறது, அதாவது ஓடுகிறது. 0 அல்லது 5 காட்டினால் நின்றுவிட்டது.

இப்போது ரிசீவரை 7.159 மெகாஹெர்ட்ஸில் சிடபிள்யூ (மோர்ஸ்) மோடில் வைத்து, ஆன்டெனா சாக்கெட்டில் ஒரு சாண் வயரைச் சொருகி ஐசிக்கு அருகே விடுங்கள். கணீரென்று ஒரு டோன் கேட்கும். 40 மீட்டர் பேண்டுக்குள்ளேயே உங்கள் ஃபிளிப்ஃபிளாப் பாடுகிறது. 3ஆம் காலுக்கு வரும் ஆஸிலேட்டர் வயரை எடுத்தால் டோன் போய்விடும். அப்படியே 21.477க்குப் போங்கள், மூன்றாவது ஹார்மோனிக் அங்கே இருக்கும். ஸ்கொயர் வேவ் என்றால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளின் கூட்டம் என்று படித்தது இப்போது ரிசீவரின் எஸ் மீட்டரில் (சிக்னல் அளவு காட்டும் மீட்டர்) தெரியும். 5ஆம் காலில் பெரிய ஆன்டெனாவை மாட்டிவிடாதீர்கள். ஃபில்டர் இல்லாத டிரான்ஸ்மிட்டர் அது.

இதே ஐசியில் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்பையும் சேர்த்தால் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவருக்கு வேண்டிய 90 டிகிரி ஜோடி கிடைக்கும். 6ஐ 2இலிருந்தும், 11, 12ஐக் கிரவுண்டிலிருந்தும் கழற்றி, 5ஐ 12க்கும் 8ஐ 2க்கும் கொடுத்து, 3, 11 இரண்டுக்கும் ஒரே க்ளாக். 5, 9 கால்களின் நிலை 00, 10, 11, 01 என்று சுற்றும். ஒவ்வொரு படியும் சுற்றில் நான்கில் ஒரு பங்கு, எனவே இரண்டும் 90 டிகிரி தள்ளி நிற்கும், காயிலும் ட்ரிம்மரும் இல்லாமல். பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் இருந்த 28.322 மெகாஹெர்ட்ஸ் டப்பா கிடைத்தால் நான்கால் வகுத்து 7.0805 வரும். இந்த வேகத்துக்கு 74ஏசி74 எடுங்கள், ஹெச்சியின் எல்லை நெருங்கிவிடுகிறது. ஏசி ரகத்தின் முனைகள் மிகக் கூர்மை, பிரெட்போர்டில் ரிங்கிங் (முனையில் வரும் வேண்டாத அதிர்வு) வரும். வெறும் காப்பர் போர்டில் ஐசியைக் கவிழ்த்துப் போட்டு, கிரவுண்ட் கால்களை நேராகத் தாமிரத்தில் ஈயம் வையுங்கள்.

வரிசைகளைக் கலக்கும்போது ஒரு கணக்கு தேவைப்படும். 5 வோல்ட்டில் 74ஹெச்சி ஏற்கும் ஹை சுமார் 3.5 வோல்ட்டுக்கு மேல். ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் கொடுப்பது 3.3. பல நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. அந்த இடத்தில் 74ஹெச்சிடி போடுங்கள், அதற்கு 2 வோல்ட் போதும். 13.8இல் ஓடும் 4093இன் வெளியீட்டை ஆர்டுயினோவுக்குக் கொடுப்பதென்றால் 22 கிலோஓமும் 10 கிலோஓமும் வைத்துப் பிரித்துக் கொடுங்கள், சுமார் 4.3 வோல்ட் வரும்.

எல்லாம் ஓடியபின் தகர டப்பாவில் மூடி, வெளியே போகும் ஒவ்வொரு வயருக்கும் டப்பாவின் சுவரிலேயே 1 நானோஃபாரட் வையுங்கள். பிறகு உண்மையான ஆன்டெனாவை மாட்டி 7.000 முதல் 7.200 வரை மெதுவாக ஒருமுறை திருப்புங்கள். டோன் கேட்கும் இடத்திலெல்லாம் ஐசியின் பவரை அணைத்துப் பாருங்கள். கூடவே மறைகிற டோன் உங்களுடையது. அது எந்த வயர் வழியாக வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடி, அந்த வயருக்கு ஒரு ஃபெரைட் மணி போடுங்கள்.